இடைமார்பு நோய்கள்

இரண்டு நுரையீரல்களுக்கு நடுவே, முன்னால் மார்பெலும்பும் பின்னால் முதுகெலும்பும் அரணாக, உதரவிதானம் வரை இறங்கும் பகுதி இடைமார்பு. மருத்துவர்கள் மீடியாஸ்டினம் என்பார்கள். இதயம், பெருந்தமனி, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைமஸ் சுரப்பி, நிணநீர்க் கணுக்கள் எல்லாம் இங்கே நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதனால் சிறு கட்டி வந்தாலும் அது அடுத்த உறுப்பை அழுத்தக்கூடும். மேற்பெருஞ்சிரை அழுந்தினால் முகமும் கழுத்தும் வீங்கும்; குரல்நாண் நரம்பு அழுந்தினால் தொண்டை கம்மும்; உணவுக்குழாய் அழுந்தினால் சோறு இறங்காது. ஒரு தொந்தரவும் தராமல், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் அகப்படும் கட்டிகளும் உண்டு.

முன்பகுதியில் தைமோமா எனும் தைமஸ் கட்டி, டெரட்டோமா எனும் கருவணுக் கட்டி, நிணநீர்ப் புற்று, கழுத்திலிருந்து கீழே இறங்கிய தைராய்டு வீக்கம் ஆகியவை காணப்படும். நடுவில் கணு வீக்கமும் நீர்க்கட்டியும், பின்னால் நரம்புக் கட்டிகளும் வரும்.

வெகுகாலம் இது மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடமாகவே இருந்தது. பெருந்தமனி வீக்கம் சிரையை அழுத்துவதை லண்டனில் வில்லியம் ஹன்டர் 1757இல் எழுதினார். பிலடெல்பியாவின் ஹோபார்ட் ஹேர் 1889இல் 520 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி நூலாக்கினார். எக்ஸ்ரே 1895இல்தான் வந்தது. மார்பெலும்பை நடுவில் பிளந்து உள்ளே செல்லும் வழியை ஹெர்பர்ட் மில்டன் கெய்ரோவிலிருந்து 1897இல் வெளியிட்டார்.

தைமஸின் கதை தனி. தைமஸோடு தொடர்புடைய மயஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோயில் காலையில் திறந்திருக்கும் இமை மாலையில் தொங்கிவிடும். மென்று கொண்டிருக்கும்போதே தாடை சோர்ந்துவிடும். சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கு இது வந்தால் தூக்கக் கலக்கம் என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த நோயுள்ள இளம்பெண் ஒருவரின் தைமஸ் கட்டியை அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் 1936இல் அகற்ற, தசைச் சோர்வு தணிந்தது. இமையின் நோய்க்கு மார்பில் மருத்துவம் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பட்டது.

தமிழ்நாட்டைப் பார்த்தால், சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ரீவ் பெட்ஸ் நிறுவிய மார்பு அறுவைத் துறை நாட்டிலேயே முன்னோடி. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் கோபால்ட் கதிர் சிகிச்சையும் அங்கு வந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் இடைமார்பைப் பாதிக்கும் பெரும் பிரச்சினை கட்டி மட்டுமல்ல, காசநோயும்தான். காசக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயை ஒட்டிய கணுக்களுக்கும் பரவி, குறிப்பாகப் பிள்ளைகளிடம், அவற்றை வீங்கச் செய்கிறது. மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியத்தின் காலத்தில் ஓய்வும் காற்றும் உணவுமே மருந்து. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுபவரும் சானடோரியத்தில் சேர்ந்தவருக்கு இணையாகக் குணமடைவதைக் காட்டியது. உலகின் பல நாடுகள் தங்கள் காசநோய்த் திட்டத்தை அதன்பின் மாற்றிக்கொண்டன. தமிழக மருத்துவத்தின் ஆகப் பெரிய சாதனைகளில் ஒன்று இது.

விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தால் வேறொரு பக்கம் தெரிகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923 வாக்கில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பட்டாசு பின்னால் வந்தது. மணி மருந்து எனப்படும் பட்டாசுக் கலவையைக் கலக்கும் அறையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தால், தீக்காயம் எல்லார் கண்ணிலும் படும். வெடியின் அழுத்த அலை நுரையீரலின் நுண்ணறைகளைக் கிழிப்பது கண்ணில் படாது. கிழிந்த அறையிலிருந்து கசியும் காற்று, இரத்தக் குழாய்களின் உறையை ஒட்டி நகர்ந்து இடைமார்பை நிரப்பி, கழுத்துத் தோலடி வரை ஏறும். அங்கே விரலால் அழுத்தினால் நறநறவென்று நொறுங்கும். காற்று இப்படி நகரும் பாதையைச் சார்லஸ் மேக்லினும், ஸ்டெதஸ்கோப்பில் இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் நொறுங்கல் ஒலியை லூயி ஹம்மனும் 1939இல் தனித்தனியே விவரித்தனர். காற்று பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். ஆனால் மூச்சுக்குழாயோ உணவுக்குழாயோ கிழிந்திருப்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்தது போன்ற பெருவிபத்துகளில் ஆலைத் தொழிலாளர்கள் மட்டுமல்லாமல், உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் சிக்கினர். அத்தகையவர்களின் உடலில் புண் இல்லை என்பதால் மார்பைப் பரிசோதிக்காமல் அனுப்பிவிடக் கூடாது.

பட்டாசில் சேர்க்கும் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கரித்தூளும் மூச்சுக்குழாயை உறுத்தி இருமல் தரும். இவற்றால் இடைமார்புக் கட்டி வருவதாக நிறுவப்படவில்லை. ஆனாலும் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர் இருமினால், மருந்து நெடி என்று ஒதுக்கிவிடுவது எளிது. காசநோயும் நிணநீர்ப் புற்றும் அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொள்கின்றன. இவை இரண்டுமே மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு என ஒரே வேடம் போடும். எக்ஸ்ரேயில் கணு வீங்கித் தெரிந்தால் காசநோய் என்றே வைத்துக்கொண்டு மாத்திரை தொடங்குவதும், பல மாதம் கழித்துப் புற்று என்று தெரிவதும் இந்தியா முழுவதும் அறியப்பட்ட தவறு. கழுத்தடியில் சிறு கீறலிட்டுக் கருவியை இறக்கித் திசு எடுக்கும் முறையை ஸ்வீடனின் எரிக் கார்லென்ஸ் 1959இல் வெளியிட்டார். இப்போது மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி செலுத்தி, கழுத்தையோ மார்பையோ கீறாமலே திசு எடுக்கிறார்கள்.

மார்புச் சிக்கல்களுக்கு இப்பகுதி மக்கள் காலங்காலமாக மதுரைக்கே பஸ் ஏறினார்கள். மாவட்டம் 1985இலேயே உருவானாலும், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்றுதான் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதில் கணு தெரிந்தால் திசுப் பரிசோதனை செய்வீர்களா என்றும் கேட்க வேண்டும்.