அம்மைப்பாலும் விலக்கும்

எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டில் கண்ட அம்மைப்பால், பெரியம்மையிலிருந்து மனித குலத்தை மீட்டது. ஆயினும், அதனை எல்லார்க்கும் குத்தலாகாது என்பதையும் மருத்துவ உலகம் பட்டறிவால் கற்றது. அம்மைப்பாலில் இருந்தது உயிருள்ள கிருமி. கரப்பான் நோயுற்றோரின் உடலில் அது பரவிப் புண்ணாகும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரிடம் குத்திய புண்ணே ஆறாது பெருகி உயிரைக் குடிக்கும். 1968இல் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 42 இலட்சம் பேருக்கு அம்மை குத்தப்பட்டது. அதன் விளைவாக 9 பேர் மாண்டனர்.

ஆகவே, இத்தகையோருக்கும் கருவுற்ற மகளிருக்கும் விலக்களித்தனர். கரப்பானுற்ற குழந்தை வாழும் வீட்டில் பிறருக்குக் குத்துவதையும் தள்ளிவைத்தனர். ஒருவர் புண்ணிலிருந்து கிருமி மற்றவரைத் தொற்றும் அன்றோ! ஆனால், பெரியம்மை கண்டவரோடு நெருங்கியிருந்தோருக்கு விலக்கில்லை. அம்மைப்பாலினும் அந்நோய் கொடிது.

விலக்குப் பெற்றோரைக் காத்தது எது? சுற்றியிருந்தோர் ஏற்ற தடுப்பே. நோய் பரவ வழியின்றி அடங்கியது. 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது.

இன்றும் உயிருள்ள கிருமியாலான தட்டம்மைத் தடுப்பூசியைக் கருவுற்றோருக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோருக்கும் இடுவதில்லை. விலக்கு வேறு, மறுப்பு வேறு. இயலாதவருக்கு விலக்கு உரிமையாகும். இயன்றவருக்குத் தடுப்பு கடமையாகும்.