ஜெலாப்பாங் முதல் சைலோ வரை: நெல்லைக் காத்த கதை

கெடா மாநிலத்திற்கு ‘ஜெலாப்பாங் பாடி’ என்ற சிறப்புப் பெயர் உண்டு. நெற்களஞ்சியம் என்பது அதன் பொருள். நெல்லை விளைவித்த வரலாற்றை நாம் அடிக்கடி பேசுகிறோம். விளைந்த நெல்லைக் காத்த வரலாற்றை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்நாளைய மலாய்க் கிராமங்களில் நெற்களஞ்சியம் தூண்களின் மேல் நின்றது. தரையின் ஈரமும் எலியும் நெல்லை அண்டக்கூடாது என்பதே நோக்கம். தமிழகத்தில் நம் முன்னோர் குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லைக் கொட்டி, வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு வைத்தார்கள். பாபநாசம் அருகே திருப்பாலைத்துறை ஆலயத்தில், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கர்கள் கட்டிய செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதன் கொள்ளளவு 3,000 கலம்.

ஆனால் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்த நம் மக்களுக்குச் சொந்தக் களஞ்சியம் ஏது? பக்கத்திலேயே வயல்கள் இருந்தும், அவர்கள் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியையே நம்பியிருந்தார்கள். போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் புகுந்தபின் அந்த வரத்து வற்றியது. மரவள்ளிக்கிழங்கே உணவானது. கையிருப்பு என்பது உயிர் என்பதைத் தோட்டத்து மக்கள் பசியால் கற்றார்கள்.

பெரிய திருப்பம் 1970-இல் வந்தது. பெடு, மூடா அணைகளின் நீரால் கெடாச் சமவெளியில் ஆண்டுக்கு இரு போகம் விளையத் தொடங்கியது. முன்பு ஒரே போகம். வெயில் காலத்தில் அறுத்து, களத்தில் உலர்த்தினார்கள். இரண்டாம் போக அறுவடையோ மழை மாதங்களில் வந்தது. வயலிலிருந்து வரும் நெல்லில் 20 விழுக்காட்டுக்கும் மேல் ஈரம் இருக்கும். சேமிக்க வேண்டுமானால் அது 14 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே 1971-இல் அமைந்த தேசிய நெல், அரிசி வாரியம் உலர்த்தும் இயந்திரங்களும் கிடங்குகளும் கொண்ட வளாகங்களை எழுப்பியது. அந்த வாரியமே 1994-இல் பெர்னாஸ் நிறுவனமாக மாறியது. சாக்கு மூட்டைகளின் இடத்தை உயர்ந்த இரும்புச் சைலோக்கள் பிடிக்கத் தொடங்கின.

களஞ்சியம் வளர்ந்தது, எதிரி மாறவில்லை. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு உள்ளேயே வளரும். வெளியே பார்த்தால் மணி நன்றாகவே தெரியும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். வண்டுகள் பெருகும் இடத்தில் சூடும் ஈரமும் கூடி, பூஞ்சணம் பிடிக்கும்.

இந்தத் தொல்லை எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் சைலோவின் மூலையில் தங்கிய பழைய தானியத்திலிருந்துதான். ஆகவே புது நெல்லைக் கொட்டுமுன் முழுவதும் காலி செய்து, பெருக்கி, இடுக்குகளை அடைக்க வேண்டும். முதலில் வந்த நெல் முதலில் வெளியேற வேண்டும். பாஸ்பைன் நச்சுப்புகை இடுவதானால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். புகை கசிந்தால் வலுவான வண்டுகள் பிழைத்து, அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாத சந்ததியைத் தரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குதிரைப் பாட்டி துடைப்பத்தால் சுத்தம் செய்தார். சைலோவுக்குள் அப்படி இறங்க முடியாது. தங்கிய புகையும் பிராணவாயுக் குறைவும் உயிரைக் குடிக்கும். நகரும் தானியம் புதைகுழி போல் ஆளை விழுங்கும். காற்றைச் சோதிக்காமல், தானியம் இறங்கும் இயந்திரத்தை நிறுத்தாமல், இடுப்பில் கயிறும் வெளியே காவலாளும் இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் உள்ளே அனுப்பக் கூடாது. செலவைப் பார்த்து இதில் குறைப்பது குற்றம்.

2023-இல் உள்ளூர் வெள்ளை அரிசி கடைகளில் கிடைக்காமல் மக்கள் அலைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விளைச்சலைப் பெருக்குவது ஒரு வழி. விளைந்ததை வண்டுக்கும் எலிக்கும் கொடுக்காமல் காப்பது இன்னொரு வழி. அதற்குப் புதிய நிலமோ அணையோ தேவையில்லை. வீட்டிலும் இதே விதிதான். அரிசிப் பாத்திரத்தில் பழையதன் மேல் புதியதைக் கொட்டாமல், காலி செய்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பின் நிரப்புங்கள்.