சலூன் கார் பந்தயம்: சொற்களும் வழக்கங்களும்

தெருவில் ஓடும் காரின் தோற்றத்தை மாற்றாமல், உள்ளே பந்தயத்துக்கு ஏற்றபடி திருத்தி ஓட்டும் மோட்டார் விளையாட்டு சலூன் கார் பந்தயம். அமெரிக்காவில் ஸ்டாக் கார் என்றும் ஐரோப்பாவில் டூரிங் கார் என்றும் வழங்கும். வளையத் தடத்தில் ஓடுவது மட்டுமே ஸ்டாக் கார் என்று வாதிடுவோர் உண்டு. தடத்தை வைத்துப் பிரிப்பதைவிட வண்டியை வைத்துப் பிரிப்பதே முறை என்பதால், இக்கட்டுரை எல்லாவற்றையும் ஒரே இனமாகக் கொள்கிறது. ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களைப் பற்றித்தான் நம் செய்தித்தாள்கள் அதிகம் எழுதுகின்றன. ஆனால் புதிதாகப் பார்க்க வருகிறவரைச் சட்டென்று பிடித்துக்கொள்வது சலூன் பந்தயம்தான். முந்திப்போகும் வண்டி எது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருத்தும் அளவைப் பொறுத்து வண்டிகள் பிரிவுகளாகப் பிரிகின்றன. எஞ்சினை ஏறக்குறைய தொழிற்சாலையில் வந்தபடியே விட்டுவிடுவது ஒரு வகை. கேம்ஷாஃப்ட், பிஸ்டன், கியர் விகிதம் ஆகியவற்றில் கை வைக்க அனுமதிப்பது இன்னொரு வகை. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலை எல்லோருக்கும் கொடுத்து, ஓட்டுநரின் திறமையை மட்டும் சோதிப்பது மூன்றாவது வகை; 2010இல் இந்தியாவில் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை இதில் சேரும். இந்திய தேசியப் போட்டிகளில் இந்தியன் டூரிங் கார், இந்தியன் ஜூனியர் டூரிங் கார், சூப்பர் ஸ்டாக் என்ற பிரிவுகள் உண்டு. எல்லாப் பிரிவுக்கும் பொதுவானது ரோல் கேஜ். வண்டி உருண்டால் கூரை நசுங்காமலிருக்க உள்ளே பற்றவைத்த இரும்புக் குழாய்க்கூடு அது. ஓட்டுநர் இருக்கை ஒன்று மட்டும் மிஞ்சும். மற்ற இருக்கைகள், கம்பளம், கதவுகளின் உள்ளுறை எல்லாம் கழற்றப்படும்.

அமெரிக்க வண்டி இந்த நிலையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. அங்கே ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் இன்றைய வண்டி பந்தயத்துக்கென்றே செய்த சட்டத்தின்மேல் கார் உருவத்தைப் போர்த்தியது. அதன் ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். திறக்கும் கதவு கிடையாது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்குவார். பெயரில் இருக்கும் ஸ்டாக் வண்டியில் இல்லை. அந்த வகையில் இந்திய சலூன் பந்தயமே பெயருக்கு நேர்மையானது.

இதன் வேர் கள்ளச்சாராயத்தில் இருக்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. அப்பலாச்சிய மலைப்பகுதியில் காய்ச்சிய சாராயத்தை இரவில் நகரங்களுக்குக் கடத்தியவர்கள், பார்வைக்குச் சாதாரணமாகவும் ஓட்டத்தில் போலீஸ் வண்டியை மிஞ்சும்படியும் கார்களைத் திருத்தினார்கள். 1932இல் வந்த ஃபோர்டு வி-8 அவர்களுக்கு வாகாக அமைந்தது. சுமை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பின் ஸ்பிரிங்குகளை இறுக்கினார்கள். மதுவிலக்கு நீங்கிய பிறகும் வரி கட்டாத சாராயம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வண்டி வேகம் என்று மண்தடத்தில் பந்தயம் கட்டினார்கள். நம்மூரில் 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கும் கள்ளச்சாராயத்தைத் தந்தது, பந்தயத்தைத் தரவில்லை.

1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பந்தய ஏற்பாட்டாளர் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் நாஸ்கார் அமைப்பு உருப்பெற்றது, 1948இல் பதிவானது. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நடந்த, நாஸ்காரின் முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ பந்தயத்தில் கிளென் டனவே முதலில் வந்தார். சோதனையில் அவர் வண்டியின் பின் ஸ்பிரிங்குகள் சாராய வண்டி பாணியில் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. அவரைத் தகுதி நீக்கி, ஜிம் ரோப்பரை வெற்றியாளராக அறிவித்தார்கள். பந்தயத்துக்குப் பிறகு வண்டியைப் பிரித்துப் பார்க்கும் சோதனை, இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது எனலாம். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் அது நடக்கிறது, ஸ்க்ரூட்டினி என்பார்கள். கொடி விழுந்ததும் முடிவு தெரிந்துவிட்டதாகப் புதியவர்கள் நினைப்பதுண்டு. சோதனை அறையிலிருந்து தாள் வரும்வரை முடிவு முடிவல்ல.

இந்தியக் கார்ப் பந்தயத்தின் தாய்வீடு சோழவரம். பம்பாயின் ஜுஹுவிலும் கல்கத்தா அருகே பாரக்பூரிலும் விமான ஓடுதளங்களில் பந்தயங்கள் நடந்திருந்தாலும், தலைமுறை தலைமுறையாக ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் வளர்த்தது இந்த ஊரே. சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. பிப்ரவரி வாக்கில் நடக்கும் சோழவரம் ரேஸுக்குக் கல்கத்தா, பம்பாய், பெங்களூர் எனப் பல ஊர்களிலிருந்தும் வண்டிகள் வந்தன. பைக் பந்தயமும் கூடவே உண்டு. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். பகட்டு அந்தப் பக்கம் இருந்தாலும், கூட்டம் தனதாக்கிக்கொண்டவை ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் ஆகியவைதான். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த நாட்டில் பந்தய உதிரிபாகம் கடையில் கிடைக்காது; கடைசல் பட்டறையில் கடைந்தே எடுக்க வேண்டும். கோவையின் எஸ். கரிவரதன் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய மலிவான ஃபார்முலா மாருதி, ஒரு தலைமுறையையே பந்தயத்துக்குள் இழுத்தது. 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது.

1990இல் மெட்ராஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கமிருந்து காஞ்சிபுரம் வழியாகச் சென்னை போகிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் கடக்கும் ஊர் இது.

புதியவர் முதலில் பழக வேண்டியவை கொடிகள். பச்சை ஓட்டத்தைத் தொடங்கும், சிவப்பு நிறுத்தும், கறுப்பு, எண்ணோடு காட்டப்பட்ட வண்டியைப் பிட் எனும் பழுதுபார்க்கும் இடத்துக்கு அழைக்கும், கறுப்பில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் வண்டியில் ஏதோ கழன்றுவிட்டது என்று பொருள். நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு என்பதற்கு. மஞ்சள் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஆபத்தைக் குறித்தாலும், இங்கே அந்த வளைவில் மட்டும் முந்தக்கூடாது. அமெரிக்க வளையத்திலோ மொத்தக் கூட்டமும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேஸ் காரின் பின்னால் அடங்க வேண்டும். அரை மைல் முன்னிலையும் அங்கே ஒரு மஞ்சளில் கரைந்துவிடும். குழப்பம் தருவது வெள்ளைக் கொடி. நாஸ்காரில் அது கடைசிச் சுற்று. இருங்காட்டுக்கோட்டையில், முன்னால் மெதுவான வண்டி போகிறது என்ற எச்சரிக்கை. தொலைக்காட்சியில் அமெரிக்கப் பந்தயம் பார்த்துப் பழகியவர்கள் இதில் ஏமாறுகிறார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் எங்கும் முடிவுதான்.

போல் பொசிஷன் என்பது முன்வரிசையின் முதல் இடம். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவருக்குக் கிடைக்கும். பல அமெரிக்கத் தடங்களில் ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓடிக் கடிகாரத்தோடு மட்டும் மோதும். ஆரணி, போளூர், சேத்துப்பட்டு வட்டாரத்து எருது விடும் விழாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: அங்கும் மாடுகள் ஒவ்வொன்றாக விடப்பட்டு, குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்ததே பரிசு பெறுகிறது.

வளைவில் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் முன்பக்கம் வெளியே இழுப்பது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் வீசிக்கொண்டு வருவது ஓவர்ஸ்டியர். முதலாவதை டைட் என்றும் இரண்டாவதை லூஸ் என்றும் அமெரிக்க ஓட்டுநர்கள் ரேடியோவில் சொல்வார்கள். அம்பாசடரும் பழைய ஃபியட்டும் பின்சக்கரத்தால் உந்தப்பட்டவை என்பதால் வால் வீசும். பின்னர் வந்த மாருதி எஸ்டீம் போன்றவை முன்சக்கரத்தால் இழுப்பவை, மூக்கு நீட்டும். ஓட்டும் பாணியே இதனால் மாறியது.

டிராஃப்டிங் என்பது முன்வண்டி பிளந்த காற்றின் நிழலில் ஒட்டிக்கொண்டு ஓடுவது. பின்னவருக்குக் காற்றுத்தடை குறையும். முன்னவரின் வாலில் ஏற்படும் இழுப்பும் தணிவதால் இருவருக்குமே வேகம் கூடும். 1960 டேட்டோனா 500 பந்தயத்தில், தன் வண்டி வேகம் குறைந்தது என்றறிந்த ஜூனியர் ஜான்சன் இந்த வித்தையால் வென்றார். சாராயக் குற்றத்துக்காகச் சிறை சென்ற அவருக்கு 1986இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். டேட்டோனாவின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை; டல்லடேகா என்ற இன்னொரு தடத்தில் 33. அந்தச் சரிவுதான் ஆக்ஸிலரேட்டரை விடாமல் திரும்ப வைக்கிறது. 1987இல் பில் எலியட் டல்லடேகாவில் மணிக்கு 342 கிலோமீட்டரைத் தொட்டதும், அதே ஆண்டு அங்கே ஒரு வண்டி பார்வையாளர் வேலியைக் கிழித்ததும், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகட்டைக் கட்டாயமாக்கின. சோழவரம் விமானத்துக்காகப் போட்ட தட்டையான தளம். அங்கே பிரேக்கே ஆயுதம்.

வழக்கங்களில் சில வேடிக்கையானவை. அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் வென்றவருக்குக் கோப்பையாக ஆளுயரக் கடிகாரம் தருகிறார்கள். இண்டியானாபொலிஸில் வென்றவர் தரையிலுள்ள செங்கல் வரிசையை முத்தமிடுவது 1996இல் டேல் ஜாரெட் தொடங்கியது. ஆலன் குல்விக்கி 1988இல் வெற்றிச் சுற்றை எதிர்த் திசையில் ஓட்டிக் காட்டினார். 2001இல் டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகு, தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவி அதே ஆண்டில் கட்டாயமானது.

இந்திய, அமெரிக்கப் பந்தய உலகங்கள் இரண்டிலும் கால் பதித்த தமிழர் நரேன் கார்த்திகேயன். கோவையைச் சேர்ந்த இவர் 1977 ஜனவரி 14 அன்று பிறந்தவர், தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். 2005இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர். அவ்வாண்டு இண்டியானாபொலிஸில், சாய்வான வளைவைத் தாங்காத மிஷலின் டயர் அணிகள் விலகிக்கொள்ள, ஆறே வண்டிகள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்தார். 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் தொடரில் இறங்கி 13ஆம் இடம் பிடித்தார். அந்த ஆண்டு அத்தொடரின் ரசிகர்கள் மிகவும் விரும்பும் ஓட்டுநராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தற்போது தேசியப் போட்டிகள் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் நடக்கின்றன. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுத் தெருப்பந்தயமும் நடந்தது.