இளமைக்கு ஓர் ஊசி: சேவலில் தொடங்கிய கதை

களைப்பு, சோர்வு, ஆசைக் குறைவு. இவற்றோடு மருத்துவரிடம் செல்லும் இளைஞர்களில் சிலர், "டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். இருபது, முப்பது வயதில் இந்த ஊசி தேவைதானா? பதில் சொல்வதற்கு முன், அதன் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது.

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னோல்டு பெர்த்தோல்டு என்ற அறிஞர் இளஞ்சேவல்களை வைத்து ஆராய்ந்தார். விதை நீக்கிய சேவலின் கொண்டை வளரவில்லை. அது கூவவுமில்லை, சண்டையிடவுமில்லை. விதையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்ததும் பழைய மிடுக்கு திரும்பியது. ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து இந்த வேலையைச் செய்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889இல், பாரிஸில் 72 வயது பிரவுன் செக்கார் நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். இளமை திரும்பியதாக அறிவித்தார். அத்தகைய சாறுகளின் விற்பனையும் சூடுபிடித்தது. ஆனால் இந்த ஹார்மோன் நீரில் எளிதில் கரையாது. அவருடைய சாற்றில் பலன் தரும் அளவு இருந்திருக்க முடியாது. வேலை செய்தது நம்பிக்கைதான்!

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் 100 கிலோ காளை விதையிலிருந்து வெறும் 10 மில்லிகிராம் ஹார்மோனைப் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டெரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டு புட்டனான்டும் ருசிக்காவும் அதைச் செயற்கையாகத் தயாரித்தனர்.

1942இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்ட்டர் ஒன்பது ஆண்களின் குறைபாட்டை விவரித்தார். அவர்களைப் போல் விதையே போதிய அளவு சுரக்காதவர்களுக்கு இந்த ஹார்மோன் உண்மையான மருந்து.

மற்ற இளைஞர்களுக்கு? வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "போதும்" என்று மூளை சுரப்பை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் குறையும். 1990இல் வெளிவந்த உலகச் சுகாதார நிறுவன ஆய்வில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. ஆறு மாதத்திற்குள் 157 பேரின் விந்தில் அணுவே இல்லை. அந்த ஆய்வு எதற்குத் தெரியுமா? கருத்தடைக்கு! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி திரும்பும். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆண்மை கூடும் என்று நம்பிப் போடும் ஊசி, தந்தையாகும் வாய்ப்பைத் தள்ளிப்போடலாம். திருமணத்திற்குக் காத்திருக்கும் இளைஞருக்கு இது சிறிய விஷயமா?

எனவே காலை நேர இரத்தப் பரிசோதனையை இரு வேறு நாள்களில் செய்துகொள்வது முதற்படி. அளவு குறைந்திருந்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். உடல் பருமனும் தூக்கக் குறைவும்கூட அளவைக் குறைக்கும். பிள்ளை வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். சொந்தச் சுரப்பைத் தூண்டும் வேறு மருந்துகளும் உண்டு.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஊசிக்கும் அது பொருந்தும்.