எண்ணூர்க் கழியும் ஒற்றியூர்த் தோணியும்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை என்பர். சென்னைப் பட்டினத்தளவில் அது மெய்யே. ஆயின் திருவொற்றியூர்க்கு வடக்கே, கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழியை அக்கூற்று மறந்துவிடுகின்றது. அலையின் வேகம் புகாத நீர்நிலை அது. ஆழமின்மையாலும் கழிமுகம் அடிக்கடி மணலால் தூர்தலாலும் பெருங்கலங்கட்கு உதவாது. தோணிகட்கு அதுவே துறை.

இதனை உளங்கொண்டு அப்பரடிகளின் திருவொற்றியூர்ப் பாடலொன்றை நோக்குவோம். நான்காம் திருமுறையிலுள்ள அப்பாடல் மனத்தைத் தோணியாகவும், மதியைக் கோலாகவும், சினத்தைச் சரக்காகவும் உருவகிக்கின்றது. ஈண்டு எம் கருத்தை ஈர்ப்பது கோலே. தரை எட்டும் நீரிலன்றிக் கோலூன்றல் இயலாது. அத்தோணியோ கடலிலும் ஓடுகின்றது. பாறை தாக்கிக் கவிழ்கின்றது. கழியினின்று கடல்புகும் ஓட்டத்தைக் கண்டறிந்தார் வாக்கு இது என்பது எம் துணிபு. அக்கழி எண்ணூர்க் கழியே என நிறுவ இஃதொன்றே போதாதென்பதையும் யாம் மறந்திலேம்.

1639-இல் ஆங்கிலேயர் பெற்ற இடமோ வெறுங்கடற்கரை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. 1876-இல் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினர். கீழ்த்திசை வாயில் மணலால் தூர்ந்தமையின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அடைத்து வடகிழக்கில் வாயில் வகுத்தனர்.

மணலின் போக்கே இவ்வரலாற்றின் உயிர்நிலை. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிருந்து வடக்கு நோக்கிப் பெயர்வது. துறைமுகச் சுவர் அதனை மறித்தது. தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது; வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. 1856-இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்ட இராயபுரத்தினின்று, பட்டினத்தார் சமாதி அமைந்த ஒற்றியூர்க் கரைவரை, மணல் கிடந்த இடங்கள் பலவற்றில் இன்று கருங்கற்குவியலே காண்கின்றோம்.

2001-இல் எண்ணூரிலும் துறைமுகம் எழுந்தது. 2014-இல் காமராசர் பெயர் பெற்றது. அதுவும் கழியினுள் அமைந்ததன்று. அதற்கு வடக்கே திறந்த கடலில் அலைதடுப்புச் சுவர் எழுப்பி ஆக்கியதே. கழிக்கு வாய்த்தவை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக்கழிவும். சாம்பல் படிந்த இடங்களில் நீர் மேலும் ஆழங்குன்றிற்று. 2023 திசம்பரில், மிக்சாம் புயல் மழைவெள்ளத்தோடு எண்ணெயும் கழியிற் பரவிற்று. வலையும் படகும் கறைபட, அங்குள்ள மீனவர் தம் கைகளாலேயே அவ்வெண்ணெயை வாளிகளில் அள்ளினர்.