நாடா

தேவிகாபுரத்தில் நாடா என்றால் பாவுக்கு நடுவே ஊடையை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. வீடியோ கேசட்டுக்குள் சுருண்டு கிடப்பதும் நாடாதான், ஒளிநாடா. சித்தி வீட்டில் இரண்டும் உண்டு. முதலாவது தினமும் ஓடுகிறது. இரண்டாவது, 1993 கல்யாண கேசட், பரணில் கிடந்தது.

சித்தப்பா போய் ஆறு வருஷம். "அவர் பேசறத ஒரு தடவ கேக்கணும்ப்பா" என்றார் சித்தி. பழைய டெக்கைப் புது டிவியில் கோர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். அடுத்த ஆண்டே ஜப்பானில் ஜேவிசி தன் விஎச்எஸ் டெக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1982 ஆசிய விளையாட்டை ஒட்டி இங்கே கலர் வந்தது. அப்புறம் தெருவே காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பார்த்த காலம். அந்த டிவிக்கு இருந்த வாசல் ஒன்றே ஒன்று, ஆண்டெனா குழி. அதனால் டெக் தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக வேஷம் போட்டது. படத்தையும் ஒலியையும் ஒரு சேனலின் அலையில் ஏற்றி ஒற்றை ஒயரில் அனுப்பும். நாம் டிவியைத் திருகித் திருகி அதைப் பிடிக்க வேண்டும். பிறகுதான் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் வந்தன.

எச்டிஎம்ஐ வந்தது 2002 டிசம்பரில். அது சுமப்பது வெறும் எண்களை. டெக்குக்குத் தெரிந்ததோ அலை மட்டும். ஆகவே ஒயரை மாற்றினால் போதாது, நடுவே அலையை எண்ணாக்கும் ஒரு டப்பா வேண்டும். நான் முதலில் வாங்கிவந்தது எதிர்த்திசை டப்பா, எண்ணை அலையாக்குவது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்கப் போகிறவர்கள் அம்புக்குறியைப் பாருங்கள்.

உண்மையில் டிஜிட்டல் இந்த வீட்டுக்குப் புதுசே இல்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் கோர்த்த அட்டைகள். ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் கிடக்கும். அவ்வளவுதான் கணக்கு. பிரான்சின் லியோன் நகரப் பட்டு நெசவுக்காக 1804 வாக்கில் ஜக்கார்டு செய்த ஏற்பாடு இது. பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே ஹோலரித்தின் ஓட்டை அட்டைகள் எண்ணின. அட்டை நைந்துபோனால் அதைப் பார்த்து இன்னொன்று குத்தலாம். கரையில் அதே மாங்காய் அப்படியே விழும்.

ஒளிநாடாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரை அங்குல அகலம். நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் நகரும் அதன்மேல், நொடிக்கு 25 முறை சுழலும் உருளை சாய்வாகக் கோடு கோடாகப் படம் எழுதுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் தேயும், கொஞ்சம் இழுபடும். நகல் எடுத்தால் நகல் இன்னும் மங்கல். டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

சரியான டப்பா கிடைத்து ஓடவிட்டோம். முகூர்த்தம், மேளம், பந்தி எல்லாம் வந்தது. சித்தப்பா பந்தியில் இலைகளுக்கு நடுவே நடந்து வருகிற இடத்தில் திரை நீலமானது. தள்ளிவிட்டுப் பார்த்தால் படம் இருக்கிறது. திரும்ப வந்தால் அதே இடத்தில் நீலம். டப்பா சீரான துடிப்பை எதிர்பார்க்கிறது. துடிப்பு தடுமாறினால் படமே இல்லை என்று முடிவுகட்டிவிடும். அந்த ஓரிடத்தில் மட்டும் நாடா ஏன் அவ்வளவு தளர்ந்திருக்கிறது?

"அந்த எடத்தத்தான் நா திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பேன்" என்றார் சித்தி. டெக் நன்றாக ஓடிய காலத்தில், சித்தப்பா தறியில் இருக்கும்போது.

பரணில் இன்னொன்றும் இருந்தது. 2006 செப்டம்பரில் அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த கலர் டிவி. பழைய குழாய் டிவிக்கு இந்தக் கறாரெல்லாம் கிடையாது. துடிப்பு தவறினால் படத்தைக் கொஞ்சம் வளைத்து, தானும் கூடவே ஓடும். டப்பாவைக் கழற்றிவிட்டு, ஒற்றை ஒயரை ஆண்டெனா குழியில் செருகி, காலி சேனலைத் தேடிப் பிடித்தேன்.

மேல் ஓரம் நெளிந்தது. புள்ளி மழைக்கு நடுவே சித்தப்பா வந்தார். "சாம்பார் இங்க கொண்டாப்பா" என்றார். தம்பி போனைத் திரைக்கு நேராகப் பிடித்துப் பதிவு செய்துகொண்டிருந்தான். சித்தி அவனை நகரச் சொன்னார், மறைக்கிறதாம்.