கல்லறைத் தோட்டங்களின் கணக்கு

உலகப் பெரும்போரில் மாண்ட வீரர்களின் சமாதிகளைப் பேணும் பொருட்டு, பேபியன் வேர் என்பாரின் விடாமுயற்சியால் 1917-ஆம் ஆண்டு மே மாதத்தில் தோன்றிய ஏகாதிபத்திய யுத்தக் கல்லறை ஆணையம், எண்ணற்ற தோட்டங்களை ஒரே கணக்கில் பராமரிப்பது எத்துணைக் கடினம் என்பதை அனுபவத்தால் அறிந்தது. பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஆர்தர் ஹில் ஆலோசனை கூற, வெண்கற்களின் அடியில் குறுஞ்செடிகளை வரிசையாக நட்டார்கள். மழைத்துளியோடு மண் தெறித்துப் பெயரெழுத்துகளின்மேல் படியாதிருக்கச் செய்த உபாயம் அது. செடிக்குக் களை எடுக்க வேண்டும், புல்லை வெட்ட வேண்டும், தோட்டக்காரருக்குச் சம்பளம் தரவேண்டும். இச்செலவை அவரவர் நாட்டுக் கல்லறைகளின் எண்ணிக்கை விகிதப்படி பகிர்ந்துகொள்ள சாம்ராஜ்ய நாடுகள் 1918-இல் இசைந்தன.

பின்னர், 50 லட்சம் பவுன் மூலதனம் திரட்டி, அதன் வட்டியைக் கொண்டே பராமரிப்பை என்றென்றும் நடத்திவிடலாம் என்று திட்டமிட்டார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போர் புதிய கல்லறைகளை ஏராளமாகச் சேர்த்தது. கூலியும் விலைவாசியும் ஏறின. வட்டியோ நின்ற இடத்திலேயே நின்றது. ஆகவே அங்கத்தினர் அரசுகள் ஆண்டுதோறும் மானியம் அளிப்பதே பராமரிப்புக்கு முதன்மையான ஆதாரமாயிற்று. சென்னை நந்தம்பாக்கத்தில், இரண்டாம் போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் துயிலும் யுத்தக் கல்லறைத் தோட்டத்தையும் இன்று அவ்வாணையமே பேணுகிறது.

மூலதனத்தை ஒருமுறை வகுத்துவிடலாம். பராமரிப்பின் விலையை மட்டும் காலந்தோறும் புதிதாக நிர்ணயித்தே ஆகவேண்டும்.